கடற்கரையில் கத்தல், மாலையில் காம்போதி

இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியுமா அக்கா என்று கேட்டுச் செய்தி அனுப்பும் பெண்களுக்கு நான் இதுவரை ஒழுங்காகப் பதில் எழுதியதில்லை. ஒருத்திக்கு "முடியும், தைரியமாகச் செய்" என்று எழுதுவேன். மறுநாள் இன்னொருத்திக்கு "நன்றாக யோசித்துச் செய்" என்று எழுதுவேன். அனுப்பிவிட்டு, முதல் பெண்ணுக்குத் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அடுப்படியில் நின்று கவலைப்படுவேன். பகலில் சீரியல், மாலையில் கச்சேரி என்று நானும் சில வருடங்கள் ஓடியவள்தான். ஆனால் ஓடியவளுக்கு வழி தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லையே. அதனால் இந்த முறை ஒரே ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படியெல்லாம் எழுதுகிறவர்கள் பொதுவாக ஓய்வு பெற்றவர்கள். எனக்கு அந்த வயது ஆகவில்லை. என் மகள் யாழினி இப்போதுதான் முதல் வகுப்புக்குப் போகிறாள். ஆனாலும் நடிப்பிலிருந்து நான் ஓய்வு பெற்றவள்தான். அது எப்படி நடந்தது என்பதும் இந்த ஒரு நாளுக்குள் வந்துவிடும்.

முதலில் ஒன்று. இரண்டு வேலை பார்க்கிறவர்கள் ஒன்றை மற்றதிடம் மறைப்பார்கள். நானும் மறைத்தேன். படப்பிடிப்பில் வெந்நீர் குடித்தால் "பாட்டு மேடம்" என்பார்கள்; பாட்டு மேடத்துக்கு நடிப்பில் முழு மனசு இல்லை என்று அதற்கு அர்த்தம். கச்சேரி வட்டாரத்தில் "சீரியல்காரி" என்பார்கள். அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே படப்பிடிப்பில் கச்சேரி பற்றிப் பேச மாட்டேன். கச்சேரிக்குப் போகும்போது மேக்கப்பைக் காதுக்குப் பின்னால் வரை துடைத்துவிட்டுத்தான் போவேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நான் நடித்த தொடரில் கௌரி என்ற அம்மா வேடம் எனக்கு. அந்தக் கௌரிக்குக் குரல் என்னுடையது இல்லை. "உங்க குரல் பாட்டுக்குத்தான் மேடம் சரி, சண்டைக்கு ஆகாது" என்று இயக்குநர் முதல் வாரமே சொல்லிவிட்டார். டப்பிங்கில் யாரோ ஒரு பெண் எனக்காகப் பேசினார். பாடகியின் வாய், வேறொருத்தியின் குரல். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொண்டை மிச்சம் என்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

யாழினிக்கு மூன்று வயது ஆனபோது நானும் என் கணவரும் உட்கார்ந்து பேசினோம். கேளம்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துக்கு எதிரிலேயே ஒரு பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஜூன் மாதம் சேர்க்க வேண்டும். காலையில் அனுப்ப ஆள் வேண்டும், மதியம் கூட்டி வர ஆள் வேண்டும்.

"உனக்கு ரெண்டு வேலையும் வேணும்னா, நான் என் வேலைய விடணும்" என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பிறகு சிரிக்காமல், "எதையாவது ஒண்ணு விடு. எதுன்னு நீயே சொல்லு. நான் சொன்னா பின்னாடி என்னத்தான் சொல்லுவே" என்றார்.

எனக்கு முடிவு எடுக்க வராது. யாழினிக்குச் சளி என்றால் மருந்து கொடுக்கலாமா, ஒரு நாள் பார்க்கலாமா என்பதையே நாலு பேரிடம் கேட்பவள் நான். அதனால் யாரிடமும் சொல்லாமல் ஒரு பந்தயம் வைத்துக்கொண்டேன். அந்த மாதக் கடைசியில் திருப்போரூரில் கிருத்திகை விழாவுக்கு ஒரு முழுக் கச்சேரி ஒப்புக்கொண்டிருந்தேன். பிரசவத்துக்குப் பிறகு நான் பாட இருந்த முதல் பெரிய கச்சேரி. அது நன்றாக அமைந்தால் பாட்டு, அமையாவிட்டால் சீரியல். அந்த மாலை எனக்காக முடிவெடுத்துவிடும்.

கச்சேரி அன்றைக்குக் காலையில் படப்பிடிப்பு மேனேஜர் போனில் பேசினார். "பேட்ச் ஒர்க் மேடம். ரெண்டே ஷாட். மாமல்லபுரம் பக்கத்துலதான். சாப்பாட்டுக்கு முன்னாடி அனுப்பிடறேன்." விட்டுப்போன துண்டுக் காட்சிகளை எடுத்து ஒட்டுவதைத்தான் பேட்ச் என்பார்கள். முடியாது, மாலை கச்சேரி இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். "வந்துடறேன் சார்" என்றேன்.

யாழினிக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. என் கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை. "நான் பாத்துக்கறேன். சும்மா சும்மா போன் பண்ணாதே, மீட்டிங் இருக்கு" என்றார். கோவளம் தாண்டுவதற்குள் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டேன்.

காட்சி இதுதான். கௌரியின் மகன் அபி கடலில் காணாமல் போகிறான். கௌரி கரையில் ஓடி ஓடி அவனைக் கூப்பிடுகிறாள். மீனவர் குடியிருப்பு ஒன்றின் ஓரத்தில் கேமரா வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே படகு நிழலில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து வலையிலிருந்து மீன் எடுத்துக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

நான் கணக்குப் போட்டேன். குரல் எப்படியும் டப்பிங்கில்தான் வரப்போகிறது. நான் ஏன் கத்த வேண்டும்? வாயை அகலமாகத் திறந்து, கையை நீட்டி, சத்தம் இல்லாமல் "அபி" என்றால் போதாதா? பாடகிகள் ஒத்திகையில் குரலை வெளியே விடாமல் முணுமுணுத்துப் பாடி மாலைக்காக வைத்துக்கொள்வதில்லையா? அதே பழக்கம். ஓடினேன், வாயைத் திறந்தேன், கண்ணீர் விட்டேன்.

"கட்" என்ற சத்தத்துக்கு முன்னாலேயே படகு நிழலிலிருந்து ஒரு அம்மா சத்தமாகக் கேட்டார். "இன்னாம்மா, புள்ள கடல்ல போயிட்டான்றே, நீ இன்னா கொட்டாவி வுட்டுகினு கீறே?"

மற்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் யூனிட்டும் சிரித்தது. இன்னொரு பெண், "வுடுக்கா, பாவம், அதுக்குத் தூக்கம் வருது" என்றாள். இயக்குநர் சிரிக்கவில்லை. மானிட்டரைக் காட்டினார். அந்த அம்மா சொன்னது சரி. வாய் கத்துகிறது, கழுத்து சும்மா இருக்கிறது. நரம்பு புடைக்கவில்லை. வயிற்றிலிருந்து ஒன்றும் எழவில்லை. அழகான கொட்டாவி.

"மேடம், ஒருவாட்டி நெஜமா கூப்பிடுங்க" என்றார்.

அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. மாலை கச்சேரி இருக்கிறது சார், ஒரே தடவைதான் கத்துவேன், கேமராவைக் கிட்டே வையுங்கள் என்று சொல்லலாம். இல்லையென்றால் கடமைக்குக் கட்டுப்பட்டவளாக, கேட்டதைச் செய்யலாம். பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்கு இரண்டாவதுதான் பழக்கம். கடலைப் பார்த்து ஓடினேன். உடம்பில் இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினேன்.

"யாழினீ!"

அபி இல்லை. யாழினி. என் வாயிலிருந்து என் பிள்ளையின் பெயர் வந்து அலை மேல் போனது.

இயக்குநர் ஓடி வந்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். "பிரமாதம் மேடம்! பேர் மாறினா என்ன, டப்பிங்ல அபின்னு போட்டுக்கலாம். மூஞ்சி அப்படியே வந்திருக்கு. இதே மாதிரி தூரத்துலேருந்து ஒண்ணு, சைடுலேருந்து ஒண்ணு குடுத்துடுங்க" என்றார்.

படகு நிழலில் இப்போது சிரிப்பு இல்லை. கொட்டாவி என்று சொன்ன அம்மா எழுந்து வந்தார். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"யாரு பேரும்மா அது?"

"என் பொண்ணு பேரு."

"அடப்பாவி! கடலைப் பாத்து சொந்தப் புள்ள பேரச் சொல்லிக் கத்துவாங்களா? துப்பு. துப்பும்மா மொதல்ல." நான் துப்பினேன். தண்ணீர் பாட்டிலை என்னிடமிருந்தே பிடுங்கித் திறந்து கொடுத்து, வாயைக் கொப்பளிக்கச் சொன்னார். ஒரு பிடி மண் எடுத்து என் தலையைச் சுற்றிக் கடலில் போட்டார். "வூட்டுக்குப் போன் போடு. புள்ள நல்லா கீதான்னு கேளு. அப்பால வந்து கத்து."

போன் போட்டேன். "தூங்கறா. ஏன் உன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றார் என் கணவர்.

அதற்குப் பிறகும் தூரத்திலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வெளிச்சம் மாறிவிட்டது என்று இன்னொன்று. அபி, அபி, அபி. ஒவ்வொரு தடவையும் முழுக் குரலில். பல மாதம் கழித்து அந்த இயக்குநரிடம் இதைச் சொன்னபோது, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா க்ளோஸப்ப மட்டும் எடுத்துட்டு, தூரத்து ஷாட்டுக்கு வேற பொண்ணுக்குப் பொடவ கட்டி ஓட விட்டிருப்பேனே மேடம்" என்றார். நியாயமான மனிதர். நான்தான் அவருக்கு நியாயமாக இருக்க வாய்ப்புக் கொடுக்கவில்லை.

நெம்மேலி வழியாகத் திருப்போரூருக்குக் காரில் போகும்போது மெல்லப் பாடிப் பார்த்தேன். கீழே பரவாயில்லை. நடுவில் கரகரப்பு. மேல் ஷட்ஜத்துக்கு, அதாவது மேல் 'ஸ'வுக்குப் போனால் காற்று மட்டும் வந்தது. சுகந்திக்குப் போன் பண்ணலாமா என்று யோசித்தேன். சுகந்தி என்னோடு இசைக் கல்லூரியில் படித்தவள். செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். அன்றைக்கு எனக்கு வயலின் அவள்தான். சொன்னால் திட்டுவாள். வெந்நீர் குடித்தால் சரியாகிவிடும், பாடப் பாடத் திறந்துகொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனை வைத்துவிட்டேன்.

பந்தலுக்கு வெளியே ஒரு பேனர். அதில் கௌரி வேடத்தில் அழுதுகொண்டிருக்கும் என் படம். அந்த அழுகிற உருவத்தின் மடியில் ஒரு தம்புராவை ஒட்டியிருந்தார்கள். என் பெயருக்குக் கீழே 'கௌரி புகழ்' என்று இருந்தது. விழாக் குழுச் செயலாளர் கடைவீதியில் சிமெண்ட் கடை வைத்திருப்பவர். "கூட்டத்தப் பாத்தீங்களா மேடம்? போன வருஷம் பாதி சேர் காலியா கெடந்துது" என்று பெருமையாகச் சொன்னார். உண்மையிலேயே நல்ல கூட்டம். முன் வரிசைகள் முழுக்கப் பெண்கள். என் கணவரும் யாழினியும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் மேடையிலிருந்தே நெற்றியில் கை வைத்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

வழக்கமான ஐந்து கட்டைச் சுருதியிலேயே ஆரம்பித்தேன். பிள்ளையார் பாட்டு தாண்டியது. அடுத்தது முருகன் மேல் ஒரு பாட்டு. அதில் மேலே ஏறும் ஓரிடம் உண்டு. ஏறினேன். பாதியில் குரல் அறுந்தது.

அடுத்து நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. என் முகம் தானாகச் செய்தது. கண்ணை மூடினேன். உதடு நடுங்கியது. பக்தியில் நெஞ்சு அடைத்து வார்த்தை வராமல் தவிப்பவள் போலக் கையை மார்பில் வைத்து, தலையைச் சற்று ஆட்டி, கீழே இருந்து தழுதழுத்த குரலில் "முருகா" என்றேன். கரகரப்பு அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. கைதட்டல் எழுந்தது. முன் வரிசையில் சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

பாட்டு முடிந்ததும் சுகந்தி வயலினைச் சரிசெய்வது போலக் குனிந்தாள். "பாடறியாடி, நடிக்கறியா?" என்றாள். உதடு அசையாமல் பேசுவதில் அவள் கெட்டிக்காரி.

"தொண்டை போயிடுச்சு."

"அது தெரியாமயா உக்காந்திருக்கேன்? எப்போ போச்சு?"

நான் பதில் சொல்வதற்குள் முன் வரிசையிலிருந்து ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது. "இன்னாமா அழுவுது பாரேன்! அப்படியே சீரியல்ல கீற மாதிரியே கீது." பக்கத்திலிருந்தவள், "நான் சொன்னேன்ல, நேர்ல பாத்தாதான் சூப்பரா இருக்கும்னு" என்றாள்.

அவர்கள் ஏமாறவே இல்லை. என் தவிப்பைப் பக்தி என்று அவர்கள் நம்பியிருந்தால் எனக்குக் குற்ற உணர்ச்சி வந்திருக்கும், அத்தோடு முடிந்திருக்கும். அவர்கள் அதை நடிப்பு என்று தெரிந்துதான் ரசித்தார்கள். கௌரியைப் பார்க்க வந்தார்கள், கௌரி அழுதாள், திருப்தி. அப்படியே மிச்சக் கச்சேரியையும் ஓட்டியிருக்கலாம். குரல் போகும் இடத்திலெல்லாம் கண்ணை மூடினால் போதும். செயலாளருக்குச் சந்தோஷம். கூட்டத்துக்குச் சந்தோஷம். நான் வைத்த பந்தயப்படி பார்த்தால் கச்சேரி "நன்றாக அமைந்தது" என்றுதான் கணக்கு. அடுத்தது காம்போதி ராகக் கீர்த்தனை. அன்றைய பெரிய உருப்படி.

வெந்நீரை எடுத்துக் குடித்தேன். நேரம் கடத்தத்தான். ஒருவேளை ரசிகர்கள் கேட்பதைக் கொடுப்பதில் தப்பு என்ன என்று தோன்றியது. ஒருவேளை நடிப்பும் என் வித்தைதானே என்றும் தோன்றியது. ஆனால் காம்போதியை அழுது கடக்க முடியும் என்று ஒரு தடவை எனக்குத் தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு நான் காம்போதிக்கு எதற்காகச் சாதகம் செய்வேன்?

"சுருதியை இறக்கலாம்" என்றேன்.

"இப்பவா?" என்றாள் சுகந்தி. நடுக் கச்சேரியில் சுருதியை மாற்றுவது, சாப்பாடு பரிமாறிய பிறகு இலையை மாற்றுவது போல. யாரும் செய்ய விரும்ப மாட்டார்கள். "எவ்ளோ? நாலரையா, நாலா?"

"நாலு."

மிருதங்கம் வாசித்த பிரபு பதறிப்போனான். "அக்கா, நாலரை வரைக்கும் தட்டி எறக்கலாம். அதுக்குக் கீழ போனா என் மிருதங்கம் செத்துடும்."

நாலரை என்று முடிவு செய்து மைக்கில் சொன்னேன். காலையில் படப்பிடிப்பில் கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது, சற்று முன் குரல் நின்றது அதனால்தான், சுருதியை இறக்கிப் பாடப் போகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பந்தலில் ஒரு சலசலப்பு. செயலாளர் ஓரமாக நின்று, எதற்கு மேடம் இதையெல்லாம் என்பது போலக் கையை விரித்தார். பிரபு கல்லை எடுத்து மிருதங்கத்தின் விளிம்பைத் தட்டத் தொடங்கினான். டக், டக், டக். சுகந்தி தந்திகளைத் தளர்த்தி, வில்லை இழுத்து, மறுபடி தளர்த்தினாள். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. முன் வரிசையில் சிலர் எழுந்து போனார்கள். சீரியல் பெண் அழாமல் சும்மா உட்கார்ந்திருப்பதை எவ்வளவு நேரம்தான் பார்ப்பார்கள்?

காம்போதியை மெதுவாக எடுத்தேன். தாழ்ந்த சுருதியில் கீழ்ப்பகுதி நன்றாகவே பேசியது. அவசரப்படவில்லை. பல்லவி முடிந்தது. அனுபல்லவி மேல் ஷட்ஜத்துக்கு ஏறும். நாலரையிலும் அது எனக்கு எட்டாது என்று அதை நெருங்கும்போதே தெரிந்துவிட்டது. முகம் தானாகக் கண்ணை மூடப் பார்த்தது. நான் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டேன். பாதி வழி ஏறி, நின்று, சுகந்தியின் பக்கம் உள்ளங்கையை நீட்டினேன். நீ போ என்று.

பாடுகிறவள் போகும் இடத்துக்குப் பின்னால் வருவதுதான் வயலினின் வேலை. பாடுகிறவளால் போக முடியாத இடத்துக்கு நீ போ என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு வில்லை எடுத்தாள். அந்த ஷட்ஜம் வந்தது. நேராக, நடுங்காமல், ஒரு அலங்காரமும் இல்லாமல் வந்து நின்றது. நான் தாளம் மட்டும் போட்டுக்கொண்டு கேட்டேன். பிறகு அதன் கீழிருந்து என் வரியை எடுத்துக்கொண்டேன்.

கைதட்டல் சுமாராக இருந்தது. அடுத்த வருடம் செயலாளர் என்னைக் கூப்பிடவில்லை. திரும்பும்போது யாழினி பின் சீட்டில் என் மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். என் கணவர், "அப்போ சீரியலா?" என்று கேட்டார். பந்தயத்தைப் பற்றி நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. "இல்லை, பாட்டு" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

அந்தக் கடற்கரைக் காட்சி பிறகு ஒளிபரப்பானது. வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். கௌரி ஓடுகிறாள், கழுத்து நரம்பு புடைக்கிறது, "அபீ" என்று ஒரு குரல் அலையைக் கிழித்துக்கொண்டு போகிறது. உடம்பு சிலிர்த்தது. என்னால் அப்படி ஒரு நாளும் கத்த முடியாது. எனக்கு எட்டாததை அங்கேயும் ஒருத்தி எட்டிக் கொடுத்திருந்தாள். அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே, எதற்காக ஒன்றை விட்டேன் என்று அன்றைக்கும் யோசித்தேன், இன்றைக்கும் யோசிக்கிறேன்.

எனக்குக் கிடைத்த பதில் சின்னது. சரியா என்று தெரியாது. சுகந்தி என் கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் கை நீட்டினேன், அவள் பார்த்தாள், வாசித்தாள். இத்தனை வருடம் என் வாய்க்குள் இருந்து பேசிய பெண்ணின் முகம் எனக்குத் தெரியாது. பெயரும் தெரியாது. தொடரை விட்டு வரும் நாளில்கூட நான் யாரிடமும் கேட்கவில்லை.

நீங்கள் எதை வைத்துக்கொண்டாலும் சரி, எதை விட்டாலும் சரி, இரண்டையும் பிடித்துக்கொண்டு ஓடினாலும் சரி. உங்களுக்கு எட்டாததை எட்டிக் கொடுப்பவளின் பெயரை முதல் நாளே கேட்டு வையுங்கள்.